பதினோராம் நம்பர் வீட்டுக்காரி நடந்த கதை

தோட்டம், கோலா பிலா
3 ஜூன் 2024

திரு,

வாட்ஸ்அப்பில் எழுதினால் பாதி படித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவாய். அதனால்தான் மின்னஞ்சல். இரண்டு விரலால் தட்டித் தட்டி எழுதியது, முழுசாகப் படி.

வெள்ளிக்கிழமை நீ ஏற்றிய பதினோராம் வீட்டுக் கதையை நேற்றுத்தான் திறந்தேன். நம் 'பதினாலு வீடு' தொடருக்கு எப்போதும் ஐந்தாறு பேர் கருத்து எழுதுவார்கள், அதில் இரண்டு பேர் நம் சொந்தக்காரர்கள். இந்த முறை கருத்துகள் முடியாமல் நீண்டுகொண்டே போகின்றன. 'கண்ணீர் வந்துவிட்டது சகோதரி' என்கிறார் ஒருவர். 'அம்மன் கைவிட மாட்டாள்' என்கிறார் இன்னொருவர். கண்ணீர் வருகிற மாதிரி நான் ஒன்றும் எழுதவில்லையே என்று மேலே போய்ப் படித்தேன்.

நான் உனக்கு அனுப்பிய கதையில் தாயம்மா தீமிதி அன்று வீட்டில்தான் இருப்பாள். நடக்க முடியாதவள், சன்னலோரம் உட்கார்ந்து உடுக்கைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அரிசி களைவாள். அவ்வளவுதான் முடிவு. நீ போட்ட கதையில் அவள் எழுந்து, கதவைப் பிடித்து, மண் ரோட்டில் நடந்து போய்ப் பூக்குழி ஓரத்தில் நிற்கிறாள். லயத்து வரிசை வீட்டுச் சனம் மொத்தமும் அழுகிறது.

யாரைக் கேட்டு இதைச் செய்தாய்?

இந்தத் தளத்தை நாம் ஏன் ஆரம்பித்தோம் என்று நினைவிருக்கிறதா? சிறுகதைப் போட்டிக்கு அனுப்பினேன். 'தன்னம்பிக்கை ஊட்டும்படி முடிவை மாற்றித் தாருங்கள், உங்களைப் போன்றவர்கள் எழுதும்போது வாசகர் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள்' என்று பதில் வந்தது. நீதான் கொதித்தாய். "அவனுங்க கெடக்கறானுங்க, நம்பளே போடுவோம்கா" என்று சொல்லி, ஒரே வாரத்தில் தளத்தைக் கட்டி நிறுத்தினாய். அவர்களாவது மாற்றித் தரச் சொல்லி என்னைக் கேட்டார்கள். நீ கேட்கக்கூட இல்லை.

கடவுச்சொல் உன்னிடம்தான் இருக்கிறது. நான் எழுதியதை அப்படியே திருப்பிப் போடு.

போனை ஏன் எடுக்க மாட்டேன் என்கிறாய்? திருவிழா முடிந்து போனவன் போனவன்தான். அம்மா தினமும் கேட்கிறார்.

ரோகினி

—

தெமியாங், சிரம்பான்
6 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

கோபப்படாதே. போன் எடுக்காததற்குக் காரணம் வேலைதான். தொழிற்சாலையில் ஆடிட் நடக்கிறது. காரும் பட்டறையில் இருக்கிறது. அம்மாவிடம் சொல்லிவிடு.

பத்து வீட்டுக் கதையையும் எழுத்துப் பிழை பார்த்து, பத்தி பிரித்து, படம் தேடிப் போட்டவன் நான். ஒரு சொல்லை மாற்றியிருப்பேனா? போன வருஷம் நீ நாலாம் வீட்டு நாயை எட்டாம் வீட்டில் பூனையாக்கி வைத்திருந்தாய். அதைக்கூட உன்னிடம் கேட்டுவிட்டுத்தானே திருத்தினேன்?

ஆனால் நீயே யோசித்துப் பார். பத்து வீட்டில் ஒரு வீட்டிலாவது ஒரு நல்லது நடந்ததா? மகேந்திரனுக்கு வேலை போகிறது. ஆபீஸ் கிராணியின் மகள் கல்யாணம் நின்றுபோகிறது. ஆறுமுகத்தின் மோட்டார் சைக்கிளைத் திருடிக்கொண்டு போகிறார்கள். ஒரே ஒரு வீட்டில், ஒரே ஒருத்தி எழுந்து நாலு அடி நடந்தால் உன் லயம் இடிந்து விழுந்துவிடுமா? நம் கதையை இத்தனை பேர் இதுவரை படித்ததில்லை. ஈப்போவிலிருந்தெல்லாம் எழுதுகிறார்கள். விமலாவின் ஆபீசில் கூடப் படிக்கிறார்கள்.

கொஞ்ச நாள் இருக்கட்டும் அக்கா. ஆறின பிறகு பேசுவோம்.

திருச்செல்வம்

—

கோலா பிலா
10 ஜூன் 2024

திரு,

இடிந்து விழும். எப்படி என்று சொல்கிறேன் கேள்.

ஆறுமுகத்தின் மோட்டார் காணாமல் போனது எந்த நாள்? தீமிதி நாள். லயமே கோவிலில் இருந்தது, தாயம்மா ஒருத்தி வீட்டில் இருந்தாள். அதனால்தான் தள்ளிக்கொண்டு போனவனின் முகத்தை அவள் மட்டும் பார்த்தாள். ஏழாம் வீட்டுக்காரிக்கு வலி கண்டது எந்த நாள்? அதே நாள். அவள் கத்தினது கேட்டுச் சன்னல் வழியாகக் கூப்பாடு போட்டு, ரோட்டில் போன லாரிக்காரனை நிறுத்தியது யார்? அந்தப் பிள்ளை பிறந்து இப்போது ஒன்பதாம் வீட்டுக் கதையில் தவழ்ந்துகொண்டிருக்கிறது.

நீ தாயம்மாவைக் கோவிலுக்கு அனுப்பிவிட்டாய். அப்படியென்றால் லாரியை யார் நிறுத்தியது? அவளை நடக்க வைக்கிறேன் என்று ஒரு பிள்ளையைக் கொன்றிருக்கிறாய் தம்பி. கண்ணீர் விட்ட ஒருத்தரும் அதைக் கேட்கவில்லை.

அவள் உட்கார்ந்திருப்பது குறை என்று நீ நினைத்துவிட்டாய். அவள் உட்கார்ந்திருப்பதால்தான் பதினாலு வீடும் ஒன்றோடொன்று சேர்ந்து நிற்கிறது. அவளைக் கிளப்பினால் மிச்சமிருப்பது பதினாலு தனித்தனி வீடு.

இன்னொன்று. நேற்று அம்மா கோவிலிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். கிண்டிக் கிளறிக் கேட்டேன். கோவில் பொருளாளர் கணேசமூர்த்தி நாலு பேர் முன்னால் சொன்னாராம், "ஒங்க பையன் வெரதத்துல என்னமோ கோளாறு, இல்லேன்னா அம்மன் காலச் சுடுமா?" என்று. "யாரு கால சுட்டுச்சு?" என்றேன். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. மூன்று வருஷமாக நீ தீ மிதிப்பது நான் நடக்க வேண்டும் என்ற வேண்டுதலுக்காம். நான் என்னவோ உனக்கும் விமலாவுக்கும் பிள்ளை வேண்டி மிதிக்கிறாய் என்று நினைத்து, நல்லது நடக்கட்டும் என்று நானும் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். என் காலுக்கான வேண்டுதல் தோட்டத்துக்கே தெரிந்திருக்கிறது, காலுக்குச் சொந்தக்காரிக்கு மட்டும் தெரியவில்லை.

காரைப் பட்டறையில் விட்டதெல்லாம் பொய். உன் கால் எப்படி இருக்கிறது? அதை மட்டும் முதலில் எழுது.

ரோகினி

—

சிரம்பான்
14 ஜூன் 2024

அக்கா,

இரண்டு உள்ளங்காலும் வெந்துவிட்டது. வலது கால் தேறி வருகிறது. இடது காலில் தோல் இன்னும் சரியாக மூடவில்லை. விமலா காலையிலும் மாலையிலும் மருந்து வைத்துக் கட்டுகிறாள். தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அம்மாவிடம் சொல்லாதே என்று எழுத நினைத்தேன், அவருக்குத்தான் முதலிலேயே தெரிந்திருக்கிறது.

குழிக்குள் இறங்கினால் நிற்கக் கூடாது என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் நடுவில் நின்றுவிட்டேன். நீ முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்தாய். இந்த வருஷம் மூன்றாவது வருஷம், எழுந்து நிற்கிறாயா என்று திரும்பிப் பார்த்தேன். அவ்வளவுதான். பின்னால் வந்தவர்கள் இடுப்பைப் பிடித்துத் தள்ளிக் கரையேற்றினார்கள். கூட்டத்தில் நீ கவனித்திருக்க மாட்டாய். நீ கவனிக்கக் கூடாது என்றுதான் நானும் நேராகக் காருக்குப் போய்விட்டேன். விமலாதான் ஓட்டினாள்.

கணேசமூர்த்தி சொல்வதற்கு நான் என்ன பதில் சொல்ல? நாற்பத்தெட்டு நாளும் ஒழுங்காக இருந்தேன். தரையில்தான் படுத்தேன். கால் சுட்டவன் சொன்னால் யார் நம்புவார்கள்?

இப்படிக் கிடந்தபோதுதான் நீ அனுப்பிய பதினோராம் வீடு வந்தது. பிழை திருத்திக்கொண்டே போனேன். தாயம்மா அரிசி களைகிற இடம் வந்ததும் கை நின்றது. பிறகு அது பாட்டுக்கு எழுதிக்கொண்டு போனது. எங்கேயாவது ஓர் இடத்தில் பலிக்கட்டுமே என்று விட்டுவிட்டேன்.

நீ எழுதுகிற நியாயமெல்லாம் புரிகிறது. லாரியும் புரிகிறது, பிள்ளையும் புரிகிறது. ஆனாலும் அதை எடுக்கச் சொல்லாதே அக்கா. மூன்று வருஷத்தில் அது ஒன்றுதான் பலித்தது.

திரு

—

கோலா பிலா
24 ஜூன் 2024

திரு,

உன் கடிதத்துக்கு வேறு ஒரு பதில் எழுதி வைத்திருந்தேன். அதை அழித்துவிட்டேன். நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மைவி கார் வந்து நின்றது. ஒரு பெண் இறங்கினாள், முப்பது வயது இருக்கும். இடுப்பில் ஒரு பிள்ளை. எட்டு வயதுப் பிள்ளையை யாராவது இடுப்பில் தூக்குவார்களா? கால் இரண்டும் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அக்கா, பதினோராம் நம்பர் வீடு இதானா?" என்றாள்.

நம் வரிசை பத்தோடு முடிகிறது என்றேன்.

"கடையில கேட்டேன்கா. கதையில வர்ற பொம்பள வூடுதானே, கடைசி வூடுன்னு சொன்னாங்க. தாயம்மாக்கா இருக்காங்களா?"

நம் சனத்தின் லட்சணத்தைப் பார்த்தாயா? கேட்டவளுக்கு அவர்களும் கூசாமல் வழி சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பெயர் ரதியாம். ரெம்பாவிலிருந்து வந்திருக்கிறாள். பிள்ளையின் பெயர் மதுமிதா. பிறந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே பலமில்லை. புருஷன் காரைவிட்டு இறங்கவே இல்லை.

"தாயம்மா நான் எழுதுன ஆளுமா. கதைதான் அது" என்றேன்.

"கதைன்னு போட்டிருந்துச்சு, தெரியும்கா. ஆனா கோவிலு இருக்கே. வரும்போது பாத்தேன்லா. பூக்குழி எடம் இருக்கு, மண்ணு ரோடு இருக்கு, தண்ணித் தொட்டி இருக்கு. இதெல்லாம் உள்ளதுன்னா அவங்க மட்டும் எப்படிக்கா இல்லாதவங்களா ஆவாங்க? பேர மட்டும் மாத்திப் போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்."

அப்போதுதான் அவள் கண் என் பேட்டரி நாற்காலிக்கு வந்தது. பிறகு காலுக்கு. பிறகு மறுபடியும் முகத்துக்கு.

"நீங்கதான் எழுதுனீங்களா?"

"நாந்தான்."

உன் பெயரை நான் சொல்லவில்லை. ஏன் என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். வரும் வருஷம் நம் கோவிலில் காப்புக் கட்டுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறாளாம். பள்ளிக்கூடத்தில் நாற்காலி தருகிறோம் என்றார்களாம், வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். "நாற்காலி வாங்குனா நம்பிக்கையில்லன்னு ஆயிடும்ல?" என்றாள். உன் முடிவைப் படித்த பிறகுதான் இப்படி முடிவு செய்தாளாம்.

நான் பிள்ளையைப் பார்த்தேன். பிள்ளைதான் பேசியது.

"அக்கா, இது எவ்ளோ ஃபாஸ்ட்டா போவும்?"

"மோட்டார முந்தாது. கோழிய முந்தும்" என்றேன்.

"நான் உக்காரவா?"

"வேணாம் மது" என்றாள் தாய். நான் அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா என்னைத் தூக்கிக் கட்டிலில் போட்டுவிட்டு, பிள்ளையை வாங்கி என் நாற்காலியில் வைத்து இடுப்பு வாரை இறுக்கினார். பிடியை எந்தப் பக்கம் சாய்த்தால் எந்தப் பக்கம் போகும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அது வாசலைத் தாண்டிவிட்டது.

கட்டிலிலிருந்து எனக்கு ஒன்றும் தெரியாது, உனக்குத் தெரியுமே. சத்தம்தான் கேட்டது. கோழிகள் பறந்தன. பக்கத்து வீட்டு வங்காளதேசத்துக்காரர் "அடேக், பெலான், பெலான்!" என்று மலாயில் மெதுவாகப் போகச் சொல்லிக் கத்தினார். ஒரு வாளி உருண்டது. பிறகு அந்தப் பிள்ளை சிரித்தது. வரிசையின் அந்தக் கோடி வரைக்கும் போய்த் திரும்பி, மறுபடியும் போனது.

ரதி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதுகுதான் எனக்குத் தெரிந்தது. "எட்டு வருசத்துல அது என் இடுப்ப விட்டு இவ்ளோ தூரம் போனதில்லக்கா" என்றாள்.

சந்தோஷமாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். திரும்பியபோது முகம் அப்படி இல்லை. "நீங்களே உக்காந்துகிட்டு இருக்கீங்க. அப்புறம் எதுக்கு அப்படி எழுதுனீங்க? நான் வெவரமில்லாதவன்னு வச்சுக்குங்க, ஒங்களுக்கு வெவரம் இருக்குல்ல?" என்றாள். பிள்ளை கத்தக் கத்த நாற்காலியிலிருந்து பிய்த்துத் தூக்கிக்கொண்டு போனாள். இனிமேல் எந்தக் கதையும் படிக்க மாட்டாளாம்.

இத்தனை வருஷத்தில் என் வாசகர் ஒருத்தர் வீட்டுக்கு வந்தது இதுதான் முதல் தடவை.

ரோகினி

—

சிரம்பான்
26 ஜூன் 2024

அக்கா,

எடுத்துவிட்டேன். பதினோராம் வீடு இப்போது தளத்தில் இல்லை. கருத்துகளோடு சேர்த்து எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தீர்கள் என்று இப்போதே நாலைந்து பேர் கேட்டிருக்கிறார்கள், நான் பதில் போடவில்லை.

நீ எழுதியதை விமலாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்தப் பிள்ளை கத்துகிற இடத்தில் என்னால் வாசிக்க முடியவில்லை, அவளே வாங்கிப் படித்துக்கொண்டாள்.

கடவுச்சொல்லைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். எப்படி ஏற்றுவது என்பதைப் படம் பிடித்து அனுப்புகிறேன், சுலபம்தான். இனிமேல் நீயே போட்டுக்கொள். நடுவில் நான் வேண்டாம். அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் என் பெயரைச் சொல்லியிருக்கலாம் அக்கா. சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

திரு

—

கோலா பிலா
5 ஜூலை 2024

தம்பி,

நீ அனுப்பிய படத்தை வைத்து நானே ஏற்றிப் பழகிவிட்டேன். முதல் தடவை இரண்டாம் வீட்டுக் கதையின் பத்திகளைத் தலைகீழாகப் போட்டேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பதினோராம் வீட்டைத் திரும்பப் போட்டுவிட்டேன். நான் எழுதிய முடிவை அல்ல, உன்னுடையதை. ஒரு புள்ளிகூட மாற்றவில்லை.

ரதி அதைப் படித்துவிட்டாள். ஈப்போக்காரர்கள் படித்துவிட்டார்கள். படித்ததைப் படிக்காததாக ஆக்க முடியாது. எடுத்துவிட்டால் தாயம்மா எங்கேயோ நடந்துகொண்டே இருப்பாள், அவளை யாராலும் கூப்பிட்டு உட்கார வைக்க முடியாது. அதனால் பன்னிரண்டாம் வீட்டை எழுதினேன். இதுவரை அந்த வீட்டில் யார் என்று நான் முடிவு செய்யவில்லை. இப்போது தாயம்மாவின் தம்பி இராஜமாணிக்கம் குடியிருக்கிறான்.

அன்றைக்குத் தாயம்மா வீட்டைவிட்டு எங்கும் போகவில்லை. மோட்டார் திருடனைப் பார்த்தாள், லாரியை நிறுத்தினாள், பிள்ளை பிழைத்தது. தம்பிதான் பூக்குழியில் இறங்கினான். நடுக்குழியில், கூட்டத்துக்குள் அக்கா நிற்பது போல் அவன் கண்ணுக்குத் தெரிந்தது. நின்றுவிட்டான், கால் வெந்துவிட்டது. அன்று மாலையே லயம் முழுக்கப் போய், அக்கா நடந்து வந்தாள், என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லிவிட்டான். பதினோராம் வீட்டில் எல்லாரும் படித்தது அவன் சொன்ன கதை. அவன் பொய்க்காரன் இல்லை, ஆசைப்பட்டவன். கதை முழுக்க அவன் காலில் கட்டோடு தன் வீட்டில் படுத்துக்கிடக்கிறான், ஒரு வீடு நகர்ந்து போய் அக்காவைப் பார்க்க முகமில்லை. கடைசியில் அவள்தான் ஆள் வைத்துத் தன்னைத் தூக்கச் சொல்லி அவன் வீட்டுக்கு வருகிறாள்.

ரதி ஒருவேளை படித்தால், நடந்தவள் யாரும் இல்லை என்று தெரிந்துகொள்வாள். ரெம்பாவிலிருந்து ஒரு தகவலும் இல்லை. தினமும் தளத்தில் போய்ப் பார்க்கிறேன்.

கதை தயாராக இருக்கிறது. ஆனால் அதில் இருப்பது உன் கால். கணேசமூர்த்தி படிப்பார், விரதத்தைப் பற்றிப் பேசியவர்கள் எல்லாரும் படிப்பார்கள். ஆகவே கேட்கிறேன், போடட்டுமா? வேண்டாம் என்றால் பன்னிரண்டாம் வீட்டைப் பூட்டிவிட்டுப் பதின்மூன்றுக்குப் போகிறேன், உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இருக்காது. கேட்காமல் மட்டும் போட மாட்டேன்.

உன்மேல் கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆனால் உன்னைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது.

அக்கா

—

சிரம்பான்
9 ஜூலை 2024

அன்புள்ள அக்கா,

போடு.

ஆனால் ஓர் இடம் சரியில்லை. அவன் குழியில் நின்றது, அக்கா நிற்பது போல் தெரிந்ததால் என்று எழுதியிருக்கிறாய். நீ எழுந்து நிற்கிறாயா என்று பார்த்தேன் என உனக்கு நான்தான் சொன்னேன், அதிலிருந்து எடுத்திருப்பாய். அது உண்மை இல்லை. விமலாவிடம்கூட நான் இதைச் சொன்னதில்லை.

நடந்துகொண்டேதான் இருந்தேன். பாதி தாண்டியபோது உன் பக்கம் கண் போனது. நீ குழியைப் பார்க்கவே இல்லை. கையில் கச்சான் கடலைப் பொட்டலம். முனியாண்டி அண்ணன் சம்சாரம் உன் காதில் ஏதோ சொன்னார், நீ தலையைப் பின்னால் சாய்த்து வயிறு குலுங்கச் சிரித்தாய். உடுக்கை, மேளம் எல்லாவற்றையும் மீறி அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்ட மாதிரி இருந்தது. உன் முகத்தில் ஒரு குறையும் இல்லை அக்கா.

முதலில் கோபம்தான் வந்தது. நான் இங்கே நெருப்பில் நடக்கிறேன், இவள் சிரிக்கிறாளே என்று. அடுத்த நொடி, இவளுக்கு என்ன வேண்டும் என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறேனா என்று வந்தது. மூன்று வருஷமாக யாருக்காக இதில் இறங்குகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நினைப்பில்தான் கால் நின்றது. விரதத்தில் ஒரு கோளாறும் இல்லை.

அதற்குப் பிறகும் வீட்டுக்கு வந்து தாயம்மாவை நடக்க வைத்தேன் பார். வெந்தது வீண்போகக் கூடாது என்று இருந்திருக்கும். வேறு காரணம் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

உன் கதையில் தாயம்மா வீட்டில் இருக்கிறாள், கோவிலில் இல்லை. அவள் சிரிப்பை எங்கே வைப்பாய் என்று எனக்குத் தெரியாது. வைப்பதும் விடுவதும் உன் பாடு. வெள்ளிக்கிழமை மற்றவர்களைப் போல் நானும் திறந்து படித்துக்கொள்கிறேன்.

திரு